பல் தேய்க்க ஓர் இடம்

காலை வேளையில் அந்த வீட்டின் குளியலறைக் கதவுக்கு ஓய்வு என்பதே கிடையாது. மூன்றாம் மாடியில் சின்ன வீடு. முன்னறை, உள்ளறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சமையலறை, நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியலறை. யார் எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்பதை முன்னறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே முடிவு செய்பவள் அந்த வீட்டு அம்மா. தெருவில் அவளுக்குத் தையல்காரம்மா என்று பெயர்.

முதலில் அவள் கணவர். பஸ் டிரைவர். முதல் பஸ்ஸை எடுக்க வேண்டியவர், அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. அடுத்து மகன். வீட்டில் அவனுக்குப் பெரியவன் என்று பெயர். கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை. தலைவாருவதற்கே கால்மணி நேரம் எடுத்துக்கொள்வான், ஆனாலும் ஆண்பிள்ளை, வேலைக்குப் போகிறவன். மகளும்தான் வேலைக்குப் போகிறாள். இருபத்து மூன்று வயதாகியும் எல்லோருக்கும் அவள் இன்னும் பாப்பாதான். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் அவள் புகுந்து வெளியே வந்துவிட வேண்டும்.

அன்றும் அப்படித்தான் அவள் உள்ளே போனாள். போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, பெரியவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, இவ உள்ள போயி எவ்ளோ நேரமாச்சு பாத்தியா?"

தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள். "ஏண்டி, பல்லு தேய்க்கப் போனியா, பல்லு செய்யப் போனியா? வெளிய வா!"

கதவு திறந்தது. பாப்பா வாயோரத்து நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வந்தாள். மேல் வரிசைப் பற்களில் கம்பி. கீழ் வரிசையை அவள் இன்னும் தொடவே இல்லை.

"இன்னும் முடியலம்மா. கம்பிக்குக் கீழ தனியா தேய்க்கணும்னு சொன்னாங்க."

"சொல்லுவாங்க. அவங்க வீட்டுல ஆளுக்கொரு பாத்ரூம் இருக்கும். போ, போயி டிபன் பாக்ஸைக் கட்டு."

கம்பி போட வேண்டும் என்று பாப்பா ஒருநாளும் கேட்டதில்லை. முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதனால் அவள் சிரிப்பு நன்றாகத்தான் இருக்கும் என்று டிரைவர் சொல்லுவார். ஆனால் வரன் பார்க்கும் தரகர் வந்து பாப்பாவின் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. பல்லு ஒண்ணுதான் முந்திக்கிட்டு நிக்குது. அதை மட்டும் உள்ள தள்ளிட்டா வரன் தானா வரும்" என்று சொல்லிப் போனார். அடுத்த வாரமே தையல்காரம்மா மகளைப் பல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

கம்பி போட்ட அன்று அங்கிருந்த டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படித் தேய்க்க வேண்டும், எங்கெங்கே சாப்பாடு மாட்டும் என்று நிதானமாக விளக்கினார். இடுக்குகளில் நுழைக்க மெல்லிய பிரஷ்கள் அடங்கிய ஒரு பொட்டலமும் கொடுத்தார். பாப்பா கவனமாகக் கேட்டாள். தையல்காரம்மா ரவிக்கை கேட்டு வந்த போனில் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அந்தப் பொட்டலம் மேஜை மேல் கிடக்க, பெரியவன் அதைப் பிரித்து ஒரு பிரஷ்ஷால் கீபோர்டைச் சுத்தம் செய்தான். "சூப்பரா தூசி எடுக்குதும்மா" என்று மீதியைக் கடைக்கும் எடுத்துக்கொண்டு போனான். எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

மாதங்கள் போயின. பாப்பா என்னென்னவோ வழி கேட்டுப் பார்த்தாள். "அம்மா, நான் எல்லாருக்கும் முன்னாடி எழுந்துக்கறேன்" என்றாள். அதற்கு முன்னால் குழாயில் தண்ணீர் வராது. "சாப்பிட்டுட்டு கிச்சன் தொட்டியில தேய்ச்சுக்கறேனே" என்றாள்.

"சமைக்கிற எடத்துல எச்சில் துப்புவியா? நாங்க சாப்பிட வேணாமா?" தையல்காரம்மா காதைப் பொத்தாத குறைதான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஒவ்வொரு மாதமும் கம்பியைக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதங்களில் கல்யாண ஆர்டர்கள் குவிந்துகிடந்தன. "அடுத்த மாசம் போலாம், பல்லு எங்கயும் ஓடிடாது" என்று தையல்காரம்மா தள்ளிக்கொண்டே போனாள். தனியாகப் போகிறேன் என்று மகள் சொன்னதற்கும், "பொத்தான் தைக்க யாரு இருக்கா?" என்ற பதில்தான் வந்தது.

வாடையை முதலில் கண்டுபிடித்தவன் பெரியவன். சாப்பிடும்போது தங்கை ஏதோ சொல்லத் திரும்ப, அவன் தட்டோடு நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு அது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. அவள் அறைக்குள் வந்தால், "குப்பை வண்டி வருது, ஜன்னலைத் தெற" என்பான். டிரைவர் அவனை முறைப்பார். முறைப்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். பஸ்ஸில் நாளெல்லாம் நூறு பேர் கத்துவதைக் கேட்டு வருகிறவர், வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும் அவருக்கு. தையல்காரம்மாவும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கும்போது மின்விசிறியைக் கொஞ்சம் அதிகமாக வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அவள் இங்கிதம் தெரியாதவள் அல்ல. அளவு கொடுக்க வரும் பெண்களில் சிலருக்கு வியர்வை வாடை ஆளைத் தூக்கும். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் கைக்குழி அளவெடுப்பாள். ரொம்பவும் தெரிந்தவளாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, "இந்தத் துணி காத்து விடாதும்மா, பருத்தியா எடு, உடம்புக்கு நல்லது" என்று நோகாமல் சொல்லுவாள். அந்தப் பக்குவமெல்லாம் காசு கொடுக்கிறவர்களுக்கு. பெற்ற மகளுக்கு மின்விசிறி.

பாப்பா வேலை பார்த்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வருகிறவர்களிடம் பெயர் கேட்டு, ரசீது எழுதி, உட்காரச் சொல்லும் வேலை. ஒருநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டு, முன்னால் நிற்க வேண்டாம், பின்னறையில் உட்கார்ந்து புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டு என்று மாற்றிவிட்டார். காரணம் சொல்லவில்லை. காரணத்தை அவளுக்குப் பதிலாக வந்த பெண் கழிப்பறையில் இன்னொருத்தியிடம் சொல்லிச் சிரித்தது பாப்பாவின் காதில் விழுந்தது. வீட்டில் கேட்டபோது, "உக்காந்து பாக்கற வேலைம்மா, நானேதான் கேட்டு வாங்கினேன்" என்றாள்.

அதன் பிறகு அவள் பேச்சு சுருங்கிப்போனது. எதிரில் யாராவது வந்தால் கை தானாக வாய்க்குப் போனது. பல்லில் மாட்டும் என்று மதியச் சாப்பாட்டைப் பாதிக்குமேல் மிச்சம் வைத்தாள், பிறகு முழுசாகவே கொண்டுவந்தாள். வேலையிடத்துக் கழிப்பறைக்குப் போகக் கூச்சம், வீட்டில் அடிக்கடி குளியலறைக்குப் போக முடியாது என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டாள். எப்போதும் வாயில் ஒரு புதினா மிட்டாய். அவள் பையில் கத்தையாக மிட்டாய்க் காகிதங்களைப் பார்த்த தையல்காரம்மா, "சின்னக் கொழந்தையாடி நீ?" என்று திட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். தரகர், பையன், அவன் அம்மா. முன்னறைத் துணிகளையெல்லாம் உள்ளறையில் அடைத்து, மிஷின் மேல் பூப்போட்ட விரிப்பு போட்டு, வீடே புதிதாக இருந்தது. பாப்பாவும் அழகாகத்தான் இருந்தாள். பற்கள் கிட்டத்தட்ட உள்ளே போயிருந்தன.

பையனின் அம்மா நல்ல மாதிரி. "இங்க வாம்மா, ஏன் தூரமா நிக்கற?" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "என்ன படிச்சிருக்க?"

பாப்பா உதட்டைப் பிரிக்காமல் ஏதோ முனகினாள்.

"என்னம்மா, கூச்சமா? நல்லா வாயத் தெறந்து சொல்லு, நாங்க என்ன அன்னியமா?"

தையல்காரம்மா கண்ணாலேயே மகளை அதட்டினாள். பாப்பா அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வாயைத் திறந்து, தான் படித்த படிப்பைச் சொன்னாள்.

அந்த அம்மாளின் முகம் சட்டென்று பின்னால் போனது. உடனே சமாளித்துக்கொண்டு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். டீயை முழுவதும் குடிக்காமலே, வேறு ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று எழுந்தார்கள்.

சாயங்காலம் தரகர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுக்கு வயித்துல ஏதாவது பெரிய வியாதி இருக்கான்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

தையல்காரம்மா போனை வைத்தாள். வைத்த கையோடு ஆரம்பித்தாள்.

"மானத்த வாங்கிட்டியேடி! பல்லுக்குப் பல்லு கம்பி கட்டி ராணி மாதிரி வெச்சிருக்கோம், அதைச் சுத்தமா வெச்சுக்கத் துப்பில்ல ஒனக்கு? பக்கத்துல வந்தா சாக்கடை மூடியத் தெறந்த மாதிரி இருக்கு. எவன் கட்டிப்பான் ஒன்ன?"

பெரியவன் சிரித்துவிட்டான். "நான்தான் அப்பவே சொன்னேனே, குப்பை வண்டின்னு."

டிரைவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பாப்பா அழவில்லை. உள்ளறையில் குவித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து முன்னறையில் பழைய இடத்தில் அடுக்கினாள். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. யாருக்கும் அவசரம் இல்லாத நாள். காலை உணவு முடிந்ததும் பாப்பா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திறந்த குழாய் மூடப்படவே இல்லை.

"தண்ணி என்ன ஒங்கப்பன் வெட்டின கெணத்துலேர்ந்தா வருது? மூடுடி!" தையல்காரம்மா பழக்கதோஷத்தில் கத்தினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். "உள்ளயே குடியேறிட்டியா? வெளிய வா!"

ஏதோ இரும்புச் சாமான் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு முனகல். மனுஷக் குரல் போலவே இல்லை அது.

டிரைவர் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். பாப்பா சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். முகவாயிலிருந்து மார்புவரை ரத்தம். அப்பாவின் கருவிப் பெட்டியில் இருந்த குறடு காலடியில் கிடந்தது. கம்பி ஒரு பக்கம் பிய்ந்து மேலுதட்டைக் குத்திக் கிழித்திருந்தது. முன்பல் ஒன்று கம்பியோடு சேர்ந்தே உடைந்து, கழுவுதொட்டிக்குக் கீழே கிடந்தது. எந்தப் பல்லை உள்ளே தள்ளுவதற்காக இத்தனை பாடும் பட்டார்களோ, அதே பல்.

அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். வாய் குழறியபடி, "எடுத்துட்டேம்மா. இனிமே நாறாது" என்றாள்.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உதட்டுக்குத் தையல் போட்டார். பிறகு சாப்பாடு, தண்ணீர், மிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவள் தலையாட்டலில் பதில் தெரிந்துகொண்டு, விளக்கை இழுத்து வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். ஈறு முழுக்க வீங்கி, தொட்ட இடத்திலெல்லாம் ரத்தமும் சீழும் வந்தது. கம்பி ஒட்டிய இடங்களைச் சுற்றிப் பற்கள் சொத்தை விழுந்திருந்தன. உடைந்த பல்லின் வேரை எடுத்தாக வேண்டும், பக்கத்துப் பல்லும் ஆடுகிறது, அதைக் காப்பாற்ற முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"வீட்டுல எப்படித் தேய்க்கறா?"

"நல்லாத்தான் தேய்ப்பா டாக்டர்" என்று தையல்காரம்மா முந்திக்கொண்டாள்.

பஞ்சை வாயில் அழுத்திப் பிடித்திருந்த பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். சுவரோரம் நின்றிருந்த டிரைவர் முன்னால் வந்தார். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர் அவர்.

"பொய் சொல்லாத" என்றார் மனைவியிடம். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "நாங்க விடலம்மா. ஒரே பாத்ரூம். நான் போகணும், பையன் போகணும்னு அவளை நிக்கவே விட்டதில்ல. தட்டித் தட்டி வெளிய வர வெப்போம். சமையல்கட்டுத் தொட்டியிலயாவது தேய்க்கறேன்னு கேட்டா. அதுவும் கூடாதுன்னோம். நீங்க குடுத்த சின்ன பிரஷ்ஷ வெச்சு எம்புள்ள கீபோர்டு தொடச்சான். எல்லாம் எனக்குத் தெரியும். பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்" என்றார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து அவர்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"கம்பி போட்ட வாய் தானா நாறாது. சாப்பிட்டது கம்பிக்குள்ள மாட்டி அங்கயே அழுகினாத்தான் நாறும். ஒவ்வொரு தடவை சாப்பிட்டதும் கம்பிக்கு மேல, கீழன்னு பல்லு பல்லா தேய்க்கணும். இடுக்குக்கு அந்தச் சின்ன பிரஷ். நாக்கையும் வழிக்கணும். வாய் காயாம தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். மாசாமாசம் இங்க வந்திருந்தா ஆரம்பத்துலயே நான் பாத்திருப்பேன். இவ பட்டினி கெடந்திருக்கா, தண்ணி குடிக்காம இருந்திருக்கா. அதுலயே வாய் இன்னும் நாறும். போதாததுக்கு மிட்டாய். நாத்தத்த மறைக்கணும்னு சாப்பிட்ட சர்க்கரை பல்லைத் தின்னுடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "வாடை வருதுன்னு உங்க யாருக்குமே தெரியலையா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது" என்றார் டிரைவர்.

"தெரிஞ்சும் இவகிட்ட சொல்லலையா? கிண்டலா இல்ல. மொறையா, உக்கார வெச்சு?"

அளவு கொடுக்க வந்த ஒரு பெண்ணை ஓரமாக அழைத்துப் போய், பருத்தித் துணி எடு என்று நயமாகச் சொன்னது தையல்காரம்மாவுக்கு நினைவு வந்தது. நெஞ்சுக்குள் யாரோ ஊசியை ஏற்றி அங்கேயே விட்டதுபோல இருந்தது. மகளின் கையைப் பிடிக்கப் போனாள். பாப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கை பிடித்த இடத்தில் துணிபோலக் கிடந்தது.

கம்பிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஈறு ஆற மாதங்களாகும், அதன் பிறகுதான் மறுபடியும் எதையும் யோசிக்க முடியும் என்றார்கள். பக்கத்துப் பல்லும் நிற்கவில்லை. பரிசோதனை நிலையத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துக்கொண்டார்கள்.

தையல்காரம்மா சமையலறைத் தொட்டிக்கு மேலே ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டினாள். பிரஷ்களை வைக்க ஒரு தகரக் குவளையும் வைத்தாள். பெரியவன் புதிய பிரஷ் பொட்டலம் வாங்கிவந்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, தங்கையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்க்காமல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுப் போனான்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு பாப்பா அந்தத் தொட்டியருகே நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா பாத்திரத்தோடு உள்ளே நுழைந்தாள். அவ்வளவுதான், பாப்பா பதறிப்போய் நுரையை அப்படியே துப்பிவிட்டுச் சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்றாள்.

"நீ தேய்டா கண்ணு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

"முடிஞ்சுது" என்றாள் பாப்பா, கையால் வாயை மறைத்துக்கொண்டு. முடியவில்லை என்பது இருவருக்குமே தெரியும். அவள் போன பிறகு தையல்காரம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சில வாரங்கள் கழித்து, அடுத்த தெருப் பெண்மணி ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு அளவு கொடுக்க வந்தாள். மகளுக்குப் பதினாறு வயது இருக்கும், கலகலவென்று பேசினாள். உள்ளறையில் பாப்பா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கும் பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கு. கம்பி போட்டுடலாம்னு பாக்கறேன்" என்ற பெண்மணி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒங்க பொண்ணுக்கு ஒத்துக்கலையாமே? கம்பி போட்டா வாய் நாறும்கறாங்களே, நெசமா?"

தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மிஷின் மேல் வைத்தாள். உள்ளறைக்கும் கேட்கட்டும் என்றுதான், குரலைத் தாழ்த்தாமல் பேசினாள்.

"எம் பொண்ணுக்குக் கம்பி ஒத்துக்காம போகலம்மா. நாங்கதான் ஒத்துக்கல. மொதல்ல இந்தப் பொண்ணு கம்பி வேணும்னு கேக்குதான்னு பாருங்க. கேட்டா போடுங்க. ஆனா போடறதுக்கு முன்னாடி, சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவ நின்னு நிதானமா தேய்க்க வீட்டுல ஒரு எடம் ஒதுக்குங்க. கதவைத் தட்டாதீங்க. டாக்டர் வரச் சொன்ன நாளைத் தள்ளாதீங்க. அப்பவும் வாடை வந்தா மூக்கைப் பொத்தாதீங்க, பேரு வெச்சு சிரிக்காதீங்க. பக்கத்துல உக்காந்து, பெத்தவளா பக்குவமா சொல்லுங்க. சொன்னா ஒரே நாள்ல சரியாப் போற விஷயம் அது. நாங்க சொல்லாம சிரிச்சே ஒரு பொண்ணை ஊமையாக்கிட்டோம்."

அந்தப் பெண்மணி திரும்பித் தன் மகளைப் பார்த்தாள். உள்ளறையில் பாப்பாவின் ஊசி நின்றுவிட்டிருந்தது.

தையல்காரம்மா இன்னும் ஒன்று சொன்னாள். "எம் பொண்ணு வாய் நாறுதுன்னு தெருவுக்கே தெரிஞ்சுதும்மா. நாறினது எங்க வாய்தான்னு எங்களுக்குத் தெரியறதுக்குள்ள, அவ சிரிப்பே போயிடுச்சு."